கோவையிலிருந்து திருவண்ணாமலைக்கு விமானத்தில்: பத்து மணி ஐம்பத்திரண்டு நிமிடம்

கிரிவலம் பற்றி நான் எழுதிய பதிவுக்குக் கீழே மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். கோவையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் போய், அங்கிருந்து கார் பிடித்தால் திருவண்ணாமலைக்குச் சீக்கிரம் போய்விடலாமா? ஒருவர் கணக்கே போட்டு அனுப்பியிருந்தார். வான்வழித் தூரம் நானூறு கிலோமீட்டர் சொச்சம், பறக்கும் நேரம் ஒரு மணி ஐந்து நிமிடம், பிறகு காரில் மூன்றரை மணி நேரம். மொத்தம் நாலு மணி முப்பத்தைந்து நிமிடம்.

இதே கணக்கை நானும் போட்டிருக்கிறேன், 2006 ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். மறுநாள் நானும் என் மனைவி மலர்விழியும் அப்படித்தான் போனோம். இரண்டு வருடமாக இதை எழுதவில்லை. கேட்டவர்களுக்காக இப்போது எழுதுகிறேன். சுற்றுலாப் பதிவு எதிர்பார்த்து வருகிறவர்கள் மன்னிக்க வேண்டும்.

நான் கோவையில் பம்புசெட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். சொந்த ஊர் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை. மலர் அதே மாவட்டத்துக் கீழ்பென்னாத்தூர்ப் பெண். தட்டச்சில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ் செய்தவள். 1994-இல் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பித்துக்கொண்டு காத்திருந்தாள். கல்யாணமாகிக் கோவைக்கு வந்த பிறகும் பதிவை மாற்றவில்லை. மாற்றினால் சீனியாரிட்டி போய்விடும் என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டோம். அதனால் முகவரி கீழ்பென்னாத்தூரிலேயே இருந்தது. வயது வரம்பு முப்பத்தைந்து. அவளுக்கு அது முடிய நான்கு மாதம் இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை ஆறரை மணிக்கு அவளுடைய அண்ணன் ஏழுமலை போன் செய்தார். ஆறு நாள் முன்பே ஒரு கடிதம் வந்திருக்கிறது. பதிவைப் புதுப்பிக்கச் சொல்லி வந்ததாக்கும் என்று நினைத்து, மல்லாட்டை விதை வாங்கிய ரசீதுகளோடு சேர்த்து வைத்துவிட்டார். (நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் பெயர்.) அன்று விதைப்பு முடிந்து ரசீதைத் தேடும்போது பிரித்துப் பார்த்திருக்கிறார்.

"மாப்ள, தட்டச்சர் வேலைக்குக் கூப்டுருக்கான். நாளிக்கு காலைல பத்துலேர்ந்து ஒரு மணிக்குள்ள ஒரிஜினல் சர்டிபிகேட்டோட வேங்கிக்கால் ஆபீசுக்கு வரணும்னு போட்ருக்குது. நான் படிக்காத முட்டாளு மாப்ள, தப்பா நெனச்சுக்காத."

பத்தாவது வரை படித்தவர்தான். அழுகிற குரலில் பேசினார். வேங்கிக்கால் என்பது திருவண்ணாமலையை ஒட்டி வேலூர் ரோட்டில் அரசு அலுவலகங்கள் இருக்கும் இடம்.

மலர் போனை வாங்கிக் கடிதத்தை முழுவதும் படிக்கச் சொன்னாள். ஒரு வரியை இரண்டு முறை படிக்க வைத்தாள். போனை வைத்ததும் பீரோவைத் திறந்து சான்றிதழ் ஃபைலை எடுத்தாள். "எட்டரைக்கு காந்திபுரத்துலேர்ந்து பஸ்ஸு இருக்குதுங்க. விடியக்காலைல அஞ்சு மணிக்குப் போயிடும்," என்றாள்.

அதுதான் சரியான வழி. 310 கிலோமீட்டர், சேலம், அரூர், ஊத்தங்கரை, செங்கம் வழியாக எட்டு, எட்டேகால் மணி நேரம். நான்தான் வேண்டாம் என்றேன். மறுநாள் பௌர்ணமி. பௌர்ணமிக்கு முந்தின ராத்திரி திருவண்ணாமலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. மலருக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது, சேலம் தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் வாந்திதான். ராத்திரி முழுக்க நின்றுகொண்டு போய், வீங்கின முகத்தோடு ஆபீசில் நிற்பாளா என்று கேட்டேன்.

"வாந்தி எடுத்தா எடுத்துட்டுப் போறேன். அதுக்கின்னா இப்போ?"

நான் கேட்கவில்லை. பிரவுசிங் சென்டருக்குப் போய், இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் தூரமும் நேரமும் சொல்கிற ஒரு தளத்தைப் பார்த்தேன். 7.10-க்கு விமானம். 8.15-க்கு சென்னை. காரில் மூன்றரை மணி நேரம் என்றால் பன்னிரண்டுக்குள் வேங்கிக்கால். டிராவல்ஸில் ஆளுக்கு 1,950 ரூபாய் கொடுத்து டிக்கெட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மலர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தாள்.

"ஒரு மணி நேரந்தானே மிச்சம் இருக்குது?"

"ஒரு மணி நேரம் தாராளம் மலர்."

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அதுவரை நான் விமானத்தில் ஏறியதே இல்லை. கம்பெனியில் என்னைவிட ஜூனியர்கள்கூட பம்பாய், டெல்லி என்று பறந்துவிட்டு வந்து மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கதை சொல்வார்கள். மலருக்காகத்தான் டிக்கெட் எடுத்தேன் என்று அன்றைக்கு அவளிடம் சொன்னேன், என்னிடமும் சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்கு மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஆட்டோவில் கிளம்பினோம். ஐந்தே முக்காலுக்கு உள்ளே போய்விட்டோம். மலர் மயில்கழுத்து நிறப் புடவை கட்டியிருந்தாள், ஃபைலை மடியில் வைத்திருந்தாள். ஆறு ஐம்பதுக்கு முதல் அறிவிப்பு வந்தது. விமானம் வேறு ஊரிலிருந்து வந்து சேரவில்லை, எட்டு மணிக்குப் புறப்படும். சரி, ஐம்பது நிமிடம்தானே என்றேன். ஏழே முக்காலுக்கு அடுத்த அறிவிப்பு. எட்டே முக்கால்.

மலர் எழுந்து நின்றாள். "ஏங்க, இப்ப வெளிய போயி ஒரு கார் புடிச்சா?"

கணக்குப் போட்டேன். 310 கிலோமீட்டர், ஆறு மணி நேரம். இரண்டு மணி ஆகிவிடும். எட்டே முக்காலுக்கு விமானம் கிளம்பினால் ஒன்றரைக்குள் போய்விடலாம். எப்படியும் ஒரு மணி தாண்டும், ஆனாலும் இதில் அரை மணி நேரம் லாபம் என்றேன். அவள் உட்கார்ந்தாள். எட்டரைக்கு, ஒன்பதரை என்றார்கள். ஒன்பதேகாலுக்கு, விமானம் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். கவுன்டரில் இருந்த பையனிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவன் "சாரி சார்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது, அவனால் என்ன செய்ய முடியும்? திரும்பி வந்தபோது மலர், "அவனை ஏன் திட்றீங்க?" என்றாள்.

10.27-க்கு விமானம் கிளம்பியது. மலருக்கு வலப்பக்கம் சன்னல் இருக்கை. நான் நினைத்துவைத்திருந்தது எதுவும் நடக்கவில்லை. ஏறும்போது காது அடைத்தது, ஒரு மிட்டாய் கொடுத்தார்கள், அவள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். கீழே முழுக்க மேகம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பதினொன்று ஐந்து இருக்கும். மேகம் விலகியது. மலர் சன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டாள். "ஏங்க," என்றாள். எட்டிப் பார்த்தேன். பச்சையும் செம்மண்ணுமாகக் கட்டம் கட்டமாய் நிலம், நடுவில் தனியாக ஒரு மலை. சந்தேகமே இல்லை. இருபத்தாறு வருடம் தினமும் விழித்த மலையை மேலேயிருந்து பார்த்தாலும் தெரியாமல் போகாது. அதன் ஒரு ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சதுரம், கோயில். அதற்கு வடக்கே சாம்பல் கீறலாக வேலூர் ரோடு. அந்த ரோட்டில்தான் வேங்கிக்கால்.

வரைபடத்தில் கோவையையும் சென்னையையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். கோடு கிட்டத்தட்ட திருவண்ணாமலை மேலேயே போகும். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஒரு மணிக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குது," என்றாள் மலர். அழவில்லை. சொல்லிவிட்டு, மலை இறக்கைக்குப் பின்னால் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் அந்த இருக்கையில் உட்கார முடியவில்லை, பெல்ட்டை அவிழ்த்தேன், மறுபடி போட்டேன். நாங்கள் போகவேண்டிய இடத்தை மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம்.

11.32-க்குத் தரையிறங்கியது. பெட்டி எதுவும் போடவில்லை, அதனால் 11.50-க்கு வெளியே. 2,200 ரூபாய்க்கு ஒரு இண்டிகா கார் பேசிக் கிளம்பும்போது சரியாகப் பன்னிரண்டு. ஓட்டுநர் ஐம்பது வயதுக்காரர், ஆரணிப் பக்கத்து ஆள். விஷயத்தைச் சொன்னேன்.

"நூத்தி எழுவத்தாறு கிலோமீட்டர் சார். திண்டிவனம் வரைக்கும் ரோடு பிரமாதம், விட்டு அடிக்கலாம். அதுக்கப்பறம் சிங்கிள் ரோடு, ஸ்பீடு கம்மிதான். மூணேகாலுக்குக் கொண்டுபோய் விடறேன். அதுக்கு முன்னாடினு பொய் சொல்ல மாட்டேன்."

செங்கல்பட்டு தாண்டும்போது ஏழுமலைக்குப் போன் செய்தேன். அவர் காலை பத்து மணியிலிருந்து கடிதத்தோடு அந்த ஆபீஸ் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே போய்ப் பேசிவிட்டு அவரே கூப்பிட்டார். "மாப்ள, கிளார்க்கு அம்மா நல்ல மாதிரியா பேசறாங்க. மூணு மணி வரைக்கும் லிஸ்ட்டை ஆபீசர்கிட்ட அனுப்பாம வெச்சிருக்கறேன்னு சொல்லிட்டாங்க. மலருக்கு அடுத்த சீனியாரிட்டி பொண்ணு இங்கியே குந்தினு இருக்குது. சீக்கிரம் வாங்க."

மலர் ஓட்டுநரிடம், "அண்ணா, மூணு மணிக்குள்ள போக முடியுமாண்ணா?" என்றாள். அவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். திண்டிவனம் 1.46. செஞ்சி 2.20. சாப்பிடவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. 2.45-க்கு கீழ்பென்னாத்தூர் பஸ் நிறுத்தத்தைக் கடந்தோம். மலர் பிறந்த வீடு அங்கிருந்து மூன்றாவது தெரு. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போது ஏழுமலை மறுபடி கூப்பிட்டார். "மாப்ள, கால்ல விழாத கொறையா கெஞ்சிட்டேன். மூணரை. அதுக்கு மேல முடியாதாம், ஆபீசர் வெளியூர் கெளம்பறாராம். எங்க வர்றீங்க?"

"உங்க ஊரைத் தாண்டிட்டோம் மச்சான்."

"அப்ப வந்துடலாம், வந்துடலாம்!" என்று கத்தினார். அங்கிருந்து வேங்கிக்கால் இருபத்திரண்டு கிலோமீட்டர். நாற்பத்தைந்து நிமிடம் இருந்தது. காலையிலிருந்து முதல்தடவையாக மலர் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். ஃபைலைத் திறந்து சான்றிதழ்களை வரிசையாக அடுக்கினாள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், தட்டச்சு இரண்டு, சாதிச் சான்றிதழ், வேலைவாய்ப்பு அட்டை. நானும் பிழைத்தோம் என்று நினைத்தேன்.

திருவண்ணாமலைக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. பௌர்ணமிக் கூட்டம் சாயங்காலம்தான் வரும் என்பது என் கணக்கு. மூன்று மணிக்கே சென்னை, பாண்டிச்சேரி வண்டிகள் குவிந்துவிட்டன. ரோட்டோரப் புன்செய்க் கொல்லை ஒன்றைத் தற்காலிக பஸ் நிலையமாக்கி எல்லாவற்றையும் அங்கே திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள். இறங்கி ஓடிப்போய், தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற காவலரிடம் சொன்னேன்.

"எல்லாரும் அவசரம்னுதான் சொல்றாங்க. நான் யாரை விடறது, சொல்லுங்க?" என்றார். வெயிலில் அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. அவர் கேட்டதிலும் தப்பில்லை.

காரை அங்கேயே விட்டோம். ஓட்டுநர் பேசியதில் இருநூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். வேண்டாம் என்றேன். "நான் கொண்டு சேக்கல இல்ல சார்," என்று சட்டைப்பையில் திணித்துவிட்டு, "ஓடுங்க" என்றார். கூட்டத்துக்கு நடுவே ஓடினோம். எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடியபின் ஒரு ஆட்டோ கிடைத்தது. ஆட்டோக்காரர் சந்து சந்தாகப் புகுந்து வேலூர் ரோட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். ஆபீஸ் வாசலில் இறங்கும்போது மூன்று ஐம்பத்திரண்டு.

ஏழுமலை வெளியே படியில் நின்றிருந்தார். எப்போதும் தோளில் கிடக்கும் துண்டு கையில் இருந்தது. எங்களைப் பார்த்ததும் ஒரு படி இறங்கி வந்தார். மலர் அவரைத் தாண்டி உள்ளே போனாள்.

கிளார்க் அம்மா எழுந்து நின்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரும்மா. தண்ணி குடி மொதல்ல. மூணு நாப்பது வரைக்கும் இழுத்துப் பாத்தேம்மா. சார் கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பிட்டாரு. அடுத்த நம்பருக்குக் குடுத்தாச்சு."

"ஒரு மனு எழுதிக் குடுத்தா?" என்றேன் நான்.

"குடுங்க சார், வாங்கிக்கறேன். ஆனா ஒரு எடம்தான் இருந்தது."

மலர் ஃபைலை மேசைமேல் வைத்தாள். "நான் வந்தேன்னு எங்கியாவது எழுதிக்க முடியுமாங்க? வரலைனு போட்டா, அப்பறம் பதிவை ரத்து பண்ணிடுவாங்கனு சொல்வாங்க," என்றாள். அந்தம்மா ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கொடுத்து, தாமதமாக வந்ததாக எழுதச் சொல்லி, முத்திரை போட்டுக் கொடுத்தார். பிறகு சன்னல் பக்கம் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். வெளியே ஒரு பெண், இடுப்பில் ஒரு குழந்தையோடு, பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும். யாருக்கோ போன் செய்து சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"அதுதான் அந்தப் பொண்ணு. புருஷன் இல்ல," என்றார் ஏழுமலை மெதுவாக. "காலைலேர்ந்து என் பக்கத்துலதான் குந்தினு இருந்துது. நான் மலருக்காக நேரம் கேக்கறப்பல்லாம் என்னையே பாத்துனு இருந்துது."

மலர் அந்தப் பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பஸ் வந்து, அவள் ஏறிப் போகிற வரைக்கும்.

அன்று கீழ்பென்னாத்தூரில் தங்கினோம். ஏழுமலை சாப்பிடாமலே படுத்துவிட்டார். மறுநாள் காலை எட்டு மணிக்கு பஸ் ஏறி நாலேகாலுக்குக் கோவையில் இறங்கினோம். சேலம் வரைக்கும் மலர் மூன்று முறை வாந்தி எடுத்தாள். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், வாங்கிக்கொண்டாள். நவம்பரில் அவளுக்கு முப்பத்தைந்து முடிந்தது. மனுவுக்குப் பதில் வரவில்லை, வரும் என்று நாங்களும் நினைக்கவில்லை. இப்போது வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறாள். பக்கத்துக்கு இவ்வளவு என்று சம்பளம்.

ஆக, கேட்டவர்களுக்கு நேரடியான பதில். விமானத்தில் போகாதீர்கள். அந்தத் தளங்கள் சொல்வது ஒரு ஓடுபாதையிலிருந்து இன்னொரு ஓடுபாதைக்கான தூரம். உங்கள் வீட்டிலிருந்து விமான நிலையம், அங்கே காத்திருப்பது, இறங்கி வெளியே வருவது, பிறகு 176 கிலோமீட்டர் திரும்பி வருவது, எதுவும் அதில் இல்லை. எல்லாம் சரியாக நடந்தால்கூட எங்கள் வீட்டிலிருந்து ஏழு மணி நேரம். எங்களுக்குப் பத்து மணி ஐம்பத்திரண்டு நிமிடம் ஆனது. பஸ் எட்டேகால் மணி நேரம், அன்றைய டிக்கெட் 138 ரூபாய். முக்கியமான வேலை என்றால் முந்தின நாளே போய்த் தங்குங்கள். பௌர்ணமி அன்று, மதியம் இரண்டுக்கு மேல் எந்தப் பக்கமிருந்து வந்தாலும், ஊருக்கு வெளியே இறங்கி மூன்று, நான்கு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். வேங்கிக்கால் ஆபீஸ்களுக்குப் போகிறவர்கள் வேலூர்ப் பக்கமிருந்து வந்தால் ஊருக்குள் நுழையாமலே இறங்கிக்கொள்ளலாம். கையில் தண்ணீரும் சாப்பிட ஏதாவதும் இருக்கட்டும்.

இதை எழுத உட்காருவதற்கு முன்னால் மலரிடம் கேட்டேன், எழுதலாமா என்று. எழுதுங்க என்றாள். இரண்டு வருடமாகக் கேட்காமல் இருந்ததையும் அப்போதே கேட்டேன். என்மேல் கோபம் இருக்கிறதா?

சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

"உங்க மேல இன்னா கோவம்? பஸ்ஸுதான் சரினு எனக்குத் தெரிஞ்சிருந்தது. நீங்க டிக்கெட்ட நீட்டனப்ப மணி எட்டு. ஒரு ஆட்டோ புடிச்சா பத்து நிமிஷம் காந்திபுரம். நான் தனியா போயி ஏறியிருக்கணும். ஏறல. அந்தக் கோவம்தான், அது போவல."

இப்போதெல்லாம் ஊருக்குப் போவதென்றால் அவளே போய் டிக்கெட் எடுத்துக்கொள்கிறாள். நான் கேட்டால், கிளம்புகிற நேரத்தை மட்டும் சொல்கிறாள்.